பல்லடத்தைச் சுற்றி ஆறு கண்ணி

எதிர்வீட்டு அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல் என்று எனக்குத் தெரிந்ததே, அவர்கள் மரியாதையாகப் பேச ஆரம்பித்த பிறகுதான்.

அண்ணன் நரசிம்மலுவும் தம்பி சுந்தரராஜுலுவும் தங்களுக்குள் பேசினால் தெலுங்கு, மற்றவர்களிடம் தமிழ். பீளமேட்டில் பாதி வீடுகள் அப்படித்தான். அவர்கள் தெலுங்கில் பேசிக்கொள்வதைப் புதிதாகக் கேட்கிறவர்கள் கைகலப்பு என்று நினைத்து எட்டிப் பார்ப்பார்கள். இருபது வருஷம் எதிரில் குடியிருந்து, ஜன்னலோரம் தையல் மிஷினைப் போட்டு உட்கார்ந்திருப்பவள் நான்; அந்த வசவெல்லாம் எனக்கு மனப்பாடம். தொண்ணூற்றைந்து ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் தன் எம்80 வண்டியை நிறுத்திவிட்டு எதிர்வீட்டு வாசலில் நின்றபடி, "ஏனுங்க, உள்ள இருக்கீங்களா?" என்றார். "இருக்கறனுங்க, வாங்க" என்று தம்பி பதில் சொன்னார். நான் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டின் கை கோணலாகிவிட்டது. பிரித்துத்தான் தைத்தேன்.

விஷயம் இதுதான். அந்த ஜூலையில் தம்பியின் மனைவி கமலவேணி மஞ்சள் காமாலையில் பதினொரு நாள் படுத்துப் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை இல்லை. காரியம் முடிந்த கையோடு அண்ணன், வீட்டை விற்றுவிடலாம் என்று சொல்லிவிட்டார். அப்பா காலத்து வீடு, இரண்டு பேருக்கும் பாத்தியம். அடுக்குமாடி கட்டுகிறவர் ஒருத்தர் ஏற்கெனவே வந்து டேப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அண்ணனுக்குக் கணபதியில் சொந்த வீடு, லேத்துப் பட்டறை எல்லாம் இருந்தது. இதை விற்றுத்தான் சாப்பிட வேண்டும் என்றில்லை. தம்பியை இந்த வீட்டிலிருந்து கிளப்ப வேண்டும் என்பதுதான் எண்ணம். ஆனால் அதை அவர் சொன்ன விதம், பழைய மோட்டாரைக் கழற்றி எடைக்குப் போடுகிற மாதிரி இருந்தது. "வேண்டாங்க" என்றார் தம்பி. அந்த ஒரு ‘ங்க’வில் தெலுங்கு நின்றது.

அதன் பிறகு சுந்தரராஜுலு எல்லாவற்றுக்கும் ‘சரிங்க’தான். பம்ப்செட் கம்பெனியில் ஃபிட்டர் வேலை. சங்கு ஊதினால் போவார், ஊதினால் வருவார். காலையில் வாசலில் விழும் பால் பாக்கெட்டைக் காக்கை கொத்தும்வரை எடுக்க மாட்டார். "சாப்ட்டாச்சுங்களா தம்பி?" என்று கேட்டால், "ஆச்சுங்க அக்கா" என்பார். அடுப்புப் பற்ற வைத்திருந்தால்தானே ஆகியிருக்கும்? என் மூக்கு தெருவைத் தாண்டி வேலை செய்யக்கூடியது. அந்தச் சமையலறையிலிருந்து மாதக்கணக்கில் ஒரு தாளிப்பு வாசனை வரவில்லை. அழுதும் நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன்.

இந்த அண்ணன் தம்பிக்கு ஒரு கிறுக்கு உண்டு. அவர்களுடைய சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஒரு யுத்த விளையாட்டுப் பெட்டி. உள்ளே பாயளவு வரைபடம். தேன்கூடு மாதிரி ஆறு பக்கக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு நம்பர். அச்சிலிருந்த வெள்ளைக்கார ஊர்களை அடித்துவிட்டு ஆற்றுக்கு நொய்யல், பாலத்துக்கு ஒண்டிப்புதூர்ப் பாலம், நடுவிலிருந்த பட்டணத்துக்குப் பல்லடம் என்று பேனாவால் எழுதியிருந்தார்கள். அட்டைக் காய்களைக் கரையான் தின்ற பிறகு அண்ணன் பட்டறையிலிருந்து ஒன்பது நட்டும் ஒன்பது வாஷரும் கொண்டுவந்தார். நட்டு படையெடுத்து வரும். வாஷர் காவல் நிற்கும், பக்கத்தில் வந்தால் சுடும். வாஷரில் ஒன்று மட்டும் பித்தளை. அதுதான் தளபதி, பல்லடத்தில் உட்கார்ந்திருக்கும். பன்னிரண்டு சுற்றுக்குள் நட்டு பல்லடத்தில் நுழைந்தாலோ தளபதி செத்தாலோ நட்டுக்காரர் ஜெயித்தார். இல்லாவிட்டால் வாஷர்க்காரர்.

இதில் விசேஷம் கண்ணிவெடி. வாஷர்க்காரருக்கு ஆறு கண்ணி. அதை வரைபடத்தில் வைப்பதில்லை. ஆறு கட்டங்களின் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதி, ஆட்டத்தில் சேராத ஒருத்தரிடம் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். நட்டு ஒவ்வொரு கட்டத்தில் காலை வைக்கும்போதும், "இருக்குதா?" என்று அவரிடம் கேட்பார்கள். இருந்தால் அந்த நட்டும் போச்சு, அந்தக் கண்ணியும் போச்சு.

சீட்டு வைத்திருந்தது, கல்யாணமாகி வந்த பதினெட்டு வருஷமும், கமலவேணிதான். மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்கியபடி, "இருக்குது", "இல்லை" என்பாள். முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியாது. நானும் முயன்று பார்த்திருக்கிறேன்.

கண்ணி வைப்பதில் சுந்தரராஜுலு பெரிய சூரர். ஒரு தடவை என்னிடமே விளக்கினார். "கண்ணிங்கறது ஆளக் கொல்றதுக்கில்லீங்க அக்கா, ஆளத் திருப்பறதுக்கு. பாலத்துல ஒண்ணு வெடிச்சுதுன்னு வெச்சுக்குங்க, அப்புறம் பாலத்தப் பாத்தாலே சுத்திக்கிட்டுப் போவாங்க. சுத்திப் போற எடத்துலதான் மீதிய வெக்கோணும். அதையும் நம்ம வாஷர் ஒண்ணு பாத்துட்டு நிக்கோணும். இல்லீன்னா வெச்சது வீணுங்க."

"வெக்காத எடத்தையும் வெச்ச மாதிரி மொறச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்கோணும், அத விட்டுட்டீங்களே" என்று உள்ளேயிருந்து கமலவேணி குரல் கொடுத்தாள். அவர் சிரித்தார். அது தொண்ணூற்று மூன்றோ என்னவோ.

தொண்ணூற்றாறு மார்ச்சில் அண்ணன் கடைசியாக ஒரு வழி கண்டுபிடித்தார். வாசலில் வைத்தே கேட்டார். நான் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தது என் தப்பில்லை, புழுக்கம்.

"பேசி முடியற மாதிரி தெரியலீங்க. ஆட்டத்துல முடிச்சுக்கலாமுங்களா? நீங்க ஜெயிச்சா ஊடு இருக்கட்டும், நான் வாயத் தொறக்கலீங்க. நான் ஜெயிச்சா கையெழுத்தப் போட்டுட்டு எங்க மாடி ரூமுக்கு வந்துருங்க."

"சரிங்க."

"நீங்க வாஷர் எடுத்துக்குங்க."

"சரிங்க."

"சீட்டு யாருகிட்டங்க குடுக்கறது?"

இதற்கு மட்டும் சுந்தரராஜுலு கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு தலையைத் திருப்பி, நேராக என் ஜன்னலைப் பார்த்து, "மெஹராஜ் அக்காகிட்டங்க" என்றார்.

தெருவில் இரண்டு நாள் இதே பேச்சு. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை என்று அண்ணன் மனைவி ரங்கநாயகி கணபதியிலிருந்து சொல்லியனுப்பினாள். என் வீட்டுக்காரர் அக்பர் அலி மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டுகிறவர், நாளைக்கு நாற்பது வார்த்தை பேசினால் அதிகம். அவரும் என்னை ஏற இறங்கப் பார்த்து, "உங்கிட்டயா?" என்று ஒரு வார்த்தையை எனக்காகச் செலவழித்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வருகிற வழியில் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார் தம்பி. நாலாக மடித்திருந்தது. பத்திரமான இடம் என்று யோசித்து, யாரும் கேட்டு வராத ஒரு பையில் வைத்தேன். கமலவேணி படுக்கும் முன் தைக்கக் கொடுத்திருந்த கத்தரிப்பூ நிற ஜாக்கெட் துணி அதில் இருந்தது. தைத்து முடித்தாகிவிட்டது, ஹூக் மட்டும் பாக்கி. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

செவ்வாய் மத்தியானம்வரை நான் அதைத் தொடவில்லை. அப்புறம், சீட்டு எலி வாயில் போய்விட்டால் ஆட்டம் என்னாவது என்று நியாயமான பயம் வந்தது. பிரித்துப் பார்த்து, ஆறு நம்பரையும் என் அளவு நோட்டில் எழுதி வைத்தேன். 416, 417, 516, 518, 616, 617. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வியாழக்கிழமை ரங்கநாயகி வந்தாள், ஜாக்கெட் துணியோடு. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: சும்மா யாரும் எதையும் கேட்பதில்லை. முதலில் ஒன்று வைத்தாக வேண்டும். அவள் தன் நாத்தனார் பெண்ணுக்குப் பார்த்த தாராபுரத்து மாப்பிள்ளை ஏன் தட்டிப்போனான் என்பதை முழுசாக வைத்தாள். நல்ல சரக்கு. பதிலுக்கு நான் வாயைத் திறந்தேனா என்றால், இல்லை. டீ போட உள்ளே போனேன், அவ்வளவுதான். அளவு நோட்டு மேஜைமேல் திறந்திருந்தது. காற்றுக்குப் பக்கம் புரளாமலிருக்கக் கத்திரியை அதன்மேல் வைத்திருந்தேன்.

திரும்பி வந்தபோது ரங்கநாயகி கேட்டாள், "இதாருக்கு மெஹராஜு, நானூத்திப் பதினாறு இஞ்சு?"

"பெரிய ஒடம்புங்க" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்து நின்ற பிறகு, இரண்டு மணிக்கு ஆட்டம். கூடத்தில் வரைபடம் விரித்திருந்தது. ஒரு பக்கம் அண்ணன், எதிரில் தம்பி. சுவரோரம் ரங்கநாயகி, அவள் மடியில் வீட்டை விற்கும் ஒப்பந்தக் காகிதம், பாலிதீன் உறைக்குள். நடுவில் நான், சீட்டோடு. கமலவேணி உட்காரும் இடத்தில் உட்காரச் சொல்வார்களோ என்று பயந்தேன். சொல்லவில்லை. அங்கே ஒரு முறம் இருந்தது.

முதல் சுற்று. அண்ணன் ஒரு நட்டைத் தள்ளினார். "அம்மணி, இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"உங்க முறைங்க" என்றார் தம்பியிடம்.

"நகத்தலீங்க."

இரண்டாம் சுற்றிலும் "நகத்தலீங்க". மூன்றாவதிலும் அதே. எட்டு வாஷரும் எங்கே வைத்தாரோ அங்கேயே கிடந்தன, பெட்டியிலிருந்து கொட்டிய மாதிரி. நட்டு பக்கத்தில் வந்தபோதும் சுடவில்லை. "சுடுங்களே" என்று அண்ணனே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "இருக்கட்டுங்க" என்றார் தம்பி. பாலத்துக்கு முன்னால் எப்போதும் பத்து நிமிஷம் மோவாயைத் தடவும் நரசிம்மலு, அன்றைக்கு ஒன்பது நட்டையும் சந்தைக்கு ஆடு ஓட்டுகிற மாதிரி பாலத்தில் ஏற்றி இறக்கினார். நான் ரங்கநாயகியைப் பார்த்தேன். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

ஐந்தாவது சுற்றில் நட்டுகள் பல்லடத்துக்கு ஒரு கட்டம் தள்ளி வந்து நின்றன. அப்போதுதான் வரைபடத்தின் நம்பர்களைக் கிட்டத்தில் பார்த்தேன். பல்லடம் 517. அதன் ஆறு பக்கத்துக் கட்டங்களும் என் கையிலிருந்த ஆறு நம்பர்கள்.

பாலத்தில் ஒன்றில்லை, சாலையில் ஒன்றில்லை. இருந்த ஆறையும் பித்தளை வாஷரைச் சுற்றி வேலி மாதிரி வைத்திருந்தார் மனுஷன்.

"இத நாங்க வியாழக்கெழமையே கணக்குப் போட்டுட்டோம்" என்று ரங்கநாயகி என் காதில் சொன்னாள். "சொந்தக் கண்ணியும் அடப்புதான். அடஞ்சு கெடக்கற காயி எட்டுச் சுத்துல சோறில்லாமச் செத்துப் போகும், புஸ்தகத்துலயே இருக்குது. இவரு ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

அந்த விதிப் புத்தகத்தை அட்டை போட்டு வைத்திருந்ததே சுந்தரராஜுலுதான். அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

ஆறாவது சுற்று. அண்ணன் வரைபடத்தைப் பார்த்தார். "நானும் நகத்தலீங்க."

"நகத்தலீங்க" என்றார் தம்பி.

ஏழாவது. "நகத்தலீங்க."

"நகத்தலீங்க."

ஒரு கட்டத்தின்மேல் ஈ உட்கார்ந்தது. யாரும் ஓட்டவில்லை. எனக்கு அந்த வீட்டின் வாசனை அப்போதுதான் உறைத்தது: எண்ணெய் இல்லை, சோப்பு இல்லை, ஊதுபத்தி இல்லை. பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடத்துக்கு இருக்குமே, அப்படி. சுந்தரராஜுலு கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, டாக்டர் கூப்பிடட்டும் என்று காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரு சுற்று. அது முடிந்தால் அவரே பித்தளை வாஷரை எடுத்து ஓரமாக வைக்க வேண்டியதுதான். அப்புறம் கையெழுத்து, மாடி ரூம்.

எட்டாவது சுற்றில் நரசிம்மலு ஒரு நட்டை எடுத்தார். 416-இல் வைத்தார்.

"அம்மணி, இருக்குதுங்களா?"

அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். சீட்டைப் பிரித்துப் பார்த்துத்தான் சொன்னேன். "இருக்குதுங்க."

நட்டை எடுத்து ஓரமாக வைத்தார். அடுத்ததை 417-இல் வைத்தார். "இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"ஐந்நூத்திப் பதினாறு?"

"இருக்குதுங்க."

"ஏனுங்க, ஒண்ணு போதுமில்லீங்களா?" ரங்கநாயகிக்குப் பொறுக்கவில்லை. "அதான் வழி உட்டாச்சே."

"ஒண்ண உட்டு வெச்சாலும் நாளைக்கு இவரே மிதிச்சுப்போடுவாருங்க" என்றார் நரசிம்மலு, தலை நிமிராமல். "ஐந்நூத்திப் பதினெட்டு?"

"இருக்குதுங்க."

616. 617. ஆறு நட்டுகள் ஓரத்தில் வரிசையாகக் கிடந்தன. மிச்சம் மூன்று. அதில் ஒன்றைப் பல்லடத்து விளிம்பில் பிடித்தபடி, நரசிம்மலு ஒரு காரியம் செய்தார். யுத்தத்தில் எந்தப் படையும் அப்படிச் செய்திருக்காது.

"உள்ள வரலாமுங்களா?" என்று கேட்டார்.

சுந்தரராஜுலு ரொம்ப நேரம் அந்த நட்டைப் பார்த்தார். "அடப்பு இல்லீங்களே. வாங்க."

நட்டு வாஷருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்ய, விதி விதிதான். "நரசிம்மலு அண்ணன் ஜெயிச்சாருங்க" என்றேன்.

தம்பி எழுந்து உள்ளே போனார். பேனாவோடு வந்தார். ரங்கநாயகியிடமிருந்து காகிதத்தை வாங்கி, உறையிலிருந்து எடுத்து, வரைபடத்தின்மேலேயே விரித்தார். "எங்கங்க போடோணும்?" என்று அண்ணனைக் கேட்டார். கை நடுங்கவில்லை. மின்சார பில்லுக்குக் கையெழுத்துப் போடுகிற மாதிரிதான் நின்றார். நடுங்கியிருந்தால் அண்ணன் வாங்கியிருப்பாரோ என்னவோ.

நரசிம்மலு தம்பியின் கையைப் பார்த்தார். காகிதத்தைப் பிடுங்கினார். அப்புறம் வாயைத் திறந்தார், தெலுங்கில்.

எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் தெலுங்கு வார்த்தை, இங்கே எழுதக்கூடியதல்ல. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதிலிருந்து சொல்கிறேன்: ‘உலகத்தில் எவனாவது தன்னைச் சுற்றித் தானே கண்ணி வைத்துக்கொண்டு உட்காருவானா? பாலத்தில் வைக்க வேண்டியதுதானே? ஆடத் தெரியாத மூதேவி.’

சுந்தரராஜுலு பேனாவின் மூடியைப் போட்டார். அவரும் தெலுங்கில்தான் சொன்னார், சின்னக் குரலில், வானிலை சொல்கிற மாதிரி. "பாலத்தில் வைத்தால் நீ வரமாட்டாயே அண்ணா."

நரசிம்மலு காகிதத்தைக் கசக்கி மனைவியின் மடியில் போட்டார். விற்பதற்கில்லை என்று அந்த அடுக்குமாடி ஆளிடம் சொல்லிவிடு என்றார். ரங்கநாயகி அதைப் பிரித்து நீவி, மறுபடி உறைக்குள் போட்டுக்கொண்டாள். எதையும் வீணாக்க மாட்டாள்.

நான் கிளம்பும்போது சுந்தரராஜுலு வாசல்வரை வந்தார். "தப்பா நெனைக்காதீங்க அக்கா. அண்ணனுக்கு முன்னாடியே தெரியோணும்னுதான் உங்ககிட்டக் குடுத்தனுங்க."

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷப் பழக்கத்துக்கு இதுவா மதிப்பு? வீட்டுக்கு வந்து முதல் காரியமாக அளவு நோட்டை மூடி வைத்தேன்.

அதற்காக மறுநாளே மனுஷன் மாறிவிட்டார் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பால் பாக்கெட் பத்து மணிவரை வாசலில்தான் கிடந்தது. புதன்கிழமை ஜன்னலோரம் நின்றார். "கமலா துணி ஒண்ணு உங்ககிட்ட இருக்குமுங்க."

"இருக்குதுங்க தம்பி. ஹூக் மட்டும் பாக்கி."

"இருக்கட்டுங்க" என்றார். சொல்லிவிட்டு நடந்தார். ஹூக் வைக்கச் சொல்கிறாரா, அப்படியே இருக்கட்டும் என்கிறாரா என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. எனக்கே அது ஆச்சரியம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஆட்டம். பந்தயம் ஒன்றுமில்லை. சீட்டு இந்தத் தடவை என் கைக்கு வரவில்லை. என் வீட்டுக்காரரிடம் போயிருந்தது. சனிக்கிழமை அவர் குளிக்கப் போன நேரத்தில் சட்டைப் பை, டிபன் பாக்ஸ், செருப்பின் உள்பக்கம்வரை பார்த்துவிட்டேன். இல்லை. முப்பது வருஷம் குடும்பம் நடத்தியும் ஒரு மனுஷனுக்கு எங்கே ஒளித்து வைக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

அன்றைக்குத் தம்பி இரண்டாம் சுற்றிலேயே ஒரு வாஷரை நகர்த்தினார். ஆற்றோரமாக, ஒரே ஒரு கட்டம். நரசிம்மலு வெகு நேரம் மோவாயைத் தடவினார். பாலத்தில் வை என்று தானே சொல்லிக்கொடுத்திருப்பதால், சொன்ன இடத்தில் எவனும் வைக்க மாட்டான் என்று முடிவுகட்டினார் போலிருக்கிறது. நட்டைப் பாலத்தில் ஏற்றினார்.

"இருக்குதுங்களா?"

என் வீட்டுக்காரர் சீட்டைப் பார்க்கக்கூட இல்லை. "இருக்குதுங்க" என்றார்.

நரசிம்மலு தெலுங்கில் ஆரம்பித்தார். சுந்தரராஜுலு நட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த கட்டத்தை முறைத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.